கிராபிக்ஸ் கார்டு ஏன் திணறுகிறது?

கம்ப்யூட்டர் திரையில் தெரியும் படம் லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. 1920க்கு 1080 என்ற அளவுள்ள சாதாரண மானிட்டரில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் இருக்கின்றன. ஒரு கேம் விநாடிக்கு 60 பிரேம் வேகத்தில் ஓட வேண்டுமானால், விநாடிதோறும் 12 கோடிக்கும் அதிகமான புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட்டாக வேண்டும். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, எது முன்னால் நிற்கிறது, எது மறைகிறது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் பார்க்க வேண்டும். ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடிதான். இந்த வேலைக்கென்றே ஆயிரக்கணக்கான சிறு கணக்கீட்டு அலகுகளை ஒன்றாக அடுக்கிச் செய்யப்பட்டது கிராபிக்ஸ் கார்டு. கேம் ஆடுபவர்களுக்கு மட்டுமின்றி, கல்யாண விடியோ எடிட் செய்பவர்களுக்கும் கட்டட வரைபடம் போடுபவர்களுக்கும் முப்பரிமாண அனிமேஷன் பழகும் மாணவர்களுக்கும் அது அன்றாடக் கருவி.

அந்தக் கார்டு எதிர்பார்த்த வேகம் தராதபோது பெரும்பாலோர் முதலில் நினைப்பது புதுக் கார்டு வாங்குவதைத்தான். பல ஆயிரம் ரூபாய் கைமாறிய பிறகும் அதே திணறல் தொடர்வது உண்டு. காரணம், கார்டு தனியாக வேலை செய்வதில்லை. பிராசஸர், ரேம், மதர்போர்டு ஸ்லாட், மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ், கேபினெட்டுக்குள் ஓடும் காற்று, மானிட்டர் கேபிள், டிரைவர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தடுத்தாலும் பழி கார்டின் மேல்தான் விழும். எது தடுக்கிறது என்று கண்டுபிடிப்பதே பழுது நீக்குவதில் பாதி வேலை. அதற்குப் பெரும்பாலும் காசு செலவில்லை.

திணறலின் விதம்

எப்படித் திணறுகிறது என்பதிலேயே காரணம் பாதி தெரிந்துவிடும். கேம் தொடங்கிய நொடியிலிருந்தே பிரேம் எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஒரு வகை. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு படிப்படியாகத் தளர்ந்தால் இன்னொரு வகை. சராசரி வேகம் நன்றாக இருந்தும், நொடிக்கொரு முறை படம் உறைந்து உறைந்து நகர்ந்தால் அது மூன்றாவது வகை. முதல் வகைக்கு கேபிள், செட்டிங்ஸ், டிரைவர், பிராசஸர் என்று பல காரணங்கள் உண்டு. இரண்டாவது வகை ஏறக்குறைய எப்போதும் வெப்பம்தான். மூன்றாவது வகையில் மெமரி பற்றாக்குறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்வது நல்லது. வாங்கிய புதிதில் ஓடிய வேகம் இப்போது இல்லையா, அல்லது வாங்கிய நாள் முதலே இல்லையா? முன்பு ஓடி இப்போது ஓடவில்லை என்றால் தூசி, சிப்பின் மேல் காய்ந்த தெர்மல் பேஸ்ட், டிரைவர் மாற்றம், புதிதாகச் சேர்ந்த பின்னணி புரோகிராம் ஆகியவற்றைத் தேட வேண்டும். முதல் நாளிலிருந்தே இல்லை என்றால் பொருத்தியதில் பிழை இருக்கலாம், அல்லது கார்டே அந்த வேலைக்குப் போதாததாக இருக்கலாம்.

அளந்து பார்த்தல்

விண்டோஸ் 10இல் 2017ஆம் ஆண்டு இறுதியில் வந்த அப்டேட்டிலிருந்து டாஸ்க் மேனேஜரே கிராபிக்ஸ் கார்டின் உழைப்பைக் காட்டுகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குப் போனால் ஜிபியு என்ற வரைபடம் இருக்கும். 2020 அப்டேட்டிலிருந்து தனிக் கார்டுகளின் வெப்பநிலையும் அங்கேயே தெரிகிறது. கேம் ஓடும்போதே திரையின் மூலையில் எண்களைப் பார்க்க எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் உதவும். பெயரில் எம்எஸ்ஐ இருந்தாலும் மற்ற நிறுவனங்களின் கார்டுகளிலும் அது வேலை செய்கிறது.

கவனிக்க வேண்டிய எண்கள் நான்கு: கார்டின் பயன்பாட்டு சதவீதம், வெப்பநிலை, மெகாஹெர்ட்ஸில் சொல்லப்படும் கிளாக் வேகம், நிரம்பியிருக்கும் விடியோ மெமரி. பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கார்டு முழுமூச்சாக உழைக்கிறது என்று பொருள். 50, 60 சதவீதத்தில் நிற்கிறது, பிரேமும் குறைவு என்றால் கார்டுக்கு வேலை வந்து சேரவில்லை, அல்லது ஏதோ ஒரு செட்டிங் அதைக் கட்டிப்போட்டிருக்கிறது.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கார்டு சூடாகித் தன் கிளாக் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், அந்தக் குறைந்த வேகத்தில் முழுநேரமும் வேலை செய்வதால் பயன்பாடு 99 சதவீதம் என்றே காட்டும். எனவே சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. கிளாக் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எந்த மாற்றம் செய்வதற்கு முன்னும், ஒரே கேமின் ஒரே இடத்தில் பிரேம் எத்தனை என்று குறித்து வைத்துக்கொள்வது அவசியம். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே இடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஐந்தாறு மாற்றங்களை ஒரே மூச்சில் செய்துவிட்டால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

கேபிளும் கட்டமைப்பும்

தனிக் கார்டு வாங்கிப் பொருத்திய பிறகும், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் இருக்கும் பழைய எச்டிஎம்ஐ துளையிலேயே விட்டுவிடுவது மிகப் பரவலான பிழை. அப்போது படத்தைக் காட்டுவது பிராசஸருக்குள் இருக்கும் சாதாரண கிராபிக்ஸ் பகுதி. புது விண்டோஸில் சில கேம்கள் தனிக் கார்டிலேயே ஓடினாலும், முடிந்த படம் மதர்போர்டு வழியாகச் சுற்றிப் போவதால் வேகம் குறையும். கேபினெட்டின் பின்புறத்தில் செங்குத்தாக இருக்கும் துளைகள் மதர்போர்டுக்கு உரியவை. அவற்றுக்குக் கீழே கிடைமட்டமாக இருப்பவை கார்டுக்கு உரியவை. கேபிள் கீழே உள்ள வரிசையில்தான் இருக்க வேண்டும்.

லேப்டாப்பில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். கேமிங் லேப்டாப்புகளில் பெரும்பாலும் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும்: பேட்டரியை மிச்சப்படுத்தச் சிறியது, கனமான வேலைக்குப் பெரியது. எந்தப் புரோகிராம் எதில் ஓட வேண்டும் என்பதை விண்டோஸ் தானே முடிவு செய்கிறது. அந்த முடிவு சில நேரம் தவறிப்போகும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், குறிப்பிட்ட கேமையோ எடிட்டிங் மென்பொருளையோ தேர்ந்தெடுத்து ஹை பெர்ஃபாமன்ஸ் என்று வைத்தால் தீரும். சார்ஜர் செருகாமல் பேட்டரியில் ஓட்டினால் எந்த லேப்டாப்பும் முழு வேகம் தராது. லேப்டாப்போடு வந்த பெரிய சார்ஜருக்குப் பதில் குறைந்த வாட் சார்ஜரைச் செருகினாலும் இதே கதைதான்.

லேப்டாப் வாங்குவோர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே பெயருள்ள கிராபிக்ஸ் எல்லா லேப்டாப்பிலும் ஒரே வேகத்தில் ஓடாது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 என்ற பெயரில் வந்த லேப்டாப் சிப்புக்கு 60 வாட் முதல் 115 வாட் வரை மின்சாரம் கொடுக்க நிறுவனங்களுக்கு அனுமதி இருந்தது. மெல்லிய லேப்டாப்பில் 60 வாட்டில் ஓடுவதும் தடித்த லேப்டாப்பில் 115 வாட்டில் ஓடுவதும் பெயரளவில் ஒன்றுதான், வேகத்தில் வெவ்வேறு. இதை எந்தச் செட்டிங்கும் சரிசெய்யாது. வாங்கும்போதே வாட் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி.

மானிட்டர் பக்கமும் ஒரு பார்வை வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, விண்டோஸில் 60 ஹெர்ட்ஸிலேயே விட்டுவைத்திருப்பவர்கள் உண்டு. டிஸ்ப்ளே செட்டிங்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் அதை ஒரு முறை மாற்றினால் போதும். கேமுக்குள் வி-சிங்க் போட்டிருந்தால் பிரேம் எண்ணிக்கை மானிட்டரின் ஹெர்ட்ஸைத் தாண்டாது. பிரேம் சரியாக 60இல் ஒட்டிக்கொண்டு நின்றால் கார்டுக்குச் சக்தி இல்லை என்று கருத வேண்டாம். யாரோ வரம்பு வைத்திருக்கிறார்கள்.

வெப்பம்

நம் ஊர் வீடுகளில் கிராபிக்ஸ் கார்டின் முதல் எதிரி வெப்பம்தான். கார்டின் சூடு எப்போதும் அறையின் சூட்டோடு சேர்ந்துதான் ஏறும். 25 டிகிரி அறையில் 70 டிகிரியில் ஓடும் கார்டு, ஃபேன் வேகம் மாறாமல் இருந்தால், 38 டிகிரி அறையில் 83 டிகிரியைத் தொடும். வேலூரிலோ திருச்சியிலோ மே மாத மதியத்தில் ஏசி இல்லாத மாடி அறை எப்படி இருக்கும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என்விடியாவின் பல கார்டுகள் 83 டிகிரியை ஒட்டி கிளாக் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும்படி அமைக்கப்பட்டவை. ஏஎம்டி கார்டுகள் சிப்பின் மிகச் சூடான புள்ளியைத் தனியாக அளக்கின்றன. அந்த எண் 110 டிகிரி வரை போகலாம் என்பது அந்நிறுவனமே வைத்திருக்கும் வரம்பு. எனவே ஏஎம்டி கார்டில் ஹாட் ஸ்பாட் 95 என்று காட்டினால் உடனே பதற வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்துக்கொள்வது கார்டின் தற்காப்பு. அது பழுதின் அடையாளம் அல்ல.

வெப்பம்தான் காரணமா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதே கேமை அரைமணி நேரம் ஓட்ட வேண்டும். வெப்பநிலை பளிச்சென்று குறைந்தால் கார்டில் கோளாறு இல்லை; கேபினெட்டுக்குள் காற்று ஓடவில்லை. பல வீடுகளில் கம்ப்யூட்டர் மேசையின் கீழ் மரத்தடுப்புக்குள், சில நேரம் கதவும் போட்டு, கேபினெட்டை வைத்திருப்பார்கள். வெளியே தள்ளப்பட்ட சூடான காற்றையே அது மறுபடி உள்ளே இழுக்கும். கேபினெட்டை வெளியே எடுத்து, பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது எந்த உதிரிபாகத்தையும்விட அதிகப் பலன் தரும் வைத்தியம். முன்புற ஃபேன் காற்றை உள்ளே இழுக்கவும் பின்புற ஃபேன் வெளியே தள்ளவும் வேண்டும். ஒரு ஃபேனைத் திருப்பிப் போட்டிருந்தாலும் ஓட்டம் கெட்டுவிடும். கையில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்து அருகே காட்டினால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது தூசி. ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே தூசி அடைத்தால், ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று ஊடுருவாது. தெருவோர வீடுகளிலும் கட்டடவேலை நடக்கும் பகுதிகளிலும் சில மாதங்களிலேயே அடைத்துவிடும். சுத்தம் செய்யும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி, மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கவிட வேண்டும். உடம்பில் தங்கியிருக்கும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கும் என்பதால் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே கார்டைத் தொட வேண்டும். கையடக்கப் புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்வது முக்கியம். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். ஈரத் துணி கூடவே கூடாது. வீடு பெருக்கும் வேக்யூம் கிளீனரின் குழாயையும் கார்டில் வைக்கக் கூடாது. அதிலிருந்து நிலைமின்சாரம் உருவாகும்.

தூசி இல்லை, காற்றும் ஓடுகிறது, அப்படியும் கேம் தொடங்கிய ஒன்றிரண்டு நிமிடங்களிலேயே வெப்பநிலை உச்சிக்குப் போகிறது என்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்பி வெப்பத்தைக் கடத்துவது அந்தப் பேஸ்ட். பல ஆண்டுகள் உழைத்த கார்டில் அது வறண்டு பொடியாகிவிடும். மாற்றுவது கடினமான வேலை அல்ல, ஆனால் நிதானம் வேண்டும். மெமரி சிப்புகளின் மேல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடு கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்றுப் பேடு போட வேண்டும். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் சிப்பில் சரியாக உட்காராது. குறைந்தால் மெமரி வேகும். வாரன்டி காலம் முடியாத கார்டைத் திறக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதே சரி.

கோடையில் மட்டும் தொல்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட் என்ற கோட்டை 100இலிருந்து 80, 85 சதவீதத்துக்கு இறக்கலாம். நிறுவனங்கள் கடைசிச் சொட்டு வேகத்துக்காக அளவுக்கு மீறி மின்சாரம் ஊட்டியே கார்டுகளை விற்கின்றன. அதனால் இப்படிக் குறைத்தால் இழக்கும் வேகம் பொதுவாகச் சில சதவீதம்தான். சூடும் ஃபேன் இரைச்சலும் கரன்ட் செலவும் நன்றாகவே குறையும்.

பந்தியும் அடுப்படியும்

கார்டுக்கு வேலையை எடுத்துக் கொடுப்பது பிராசஸர். பந்தியில் பரிமாறுபவர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், அடுப்படியிலிருந்து சோறு வந்தால்தான் இலையில் விழும். பழைய ஐ3 பிராசஸரோடு புதுக் கார்டைச் சேர்த்தால் கார்டு பாதி நேரம் கைகட்டி நிற்கும். இதைக் கண்டறியத் தவறாத சோதனை ஒன்று உண்டு. கேமின் ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்கிப் பார்க்க வேண்டும். புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைவதால் கார்டின் சுமை வெகுவாக இறங்கிவிடும். அப்படியும் பிரேம் கூடவில்லை என்றால் தடை பிராசஸரிலோ ரேமிலோ இருக்கிறது. பிரேம் துள்ளி ஏறினால் கார்டுதான் எல்லை.

ரேமைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மலிவாகப் போடப்படும் கம்ப்யூட்டர்களில் அதிகம் புறக்கணிக்கப்படுவது அதுதான். 16 ஜிபி ரேம் வேண்டுமென்று ஒரே 16 ஜிபி ஸ்டிக் போடுவதும், 8 ஜிபி ஸ்டிக் இரண்டாகப் போடுவதும் ஒன்றல்ல. 3200 வேக டிடிஆர்4 ஸ்டிக் ஒன்று விநாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தகவலைக் கடத்தும். இரண்டைச் சரியான ஸ்லாட்டுகளில் போட்டால் டூயல் சேனல் ஆகி 51.2 ஜிபி ஆகிறது. தனிக் கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸரின் உள் கிராபிக்ஸை மட்டும் நம்பியிருக்கும் கம்ப்யூட்டரில் இந்த வேறுபாடு கேமை ஆட முடியுமா முடியாதா என்பதையே தீர்மானிக்கும், ஏனெனில் அங்கே விடியோ மெமரியும் இந்த ரேம்தான். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். மேலும், 3200 என்று அச்சிட்ட ரேமை அப்படியே செருகினால் பல மதர்போர்டுகள் 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓட்டும். மதர்போர்டின் பயாஸ் செட்டிங்ஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் முழு வேகம் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பயன்படுத்தாமலே வருடக்கணக்கில் ஓட்டும் வீடுகள் ஏராளம்.

ஸ்லாட்டும் மின்சாரமும்

மதர்போர்டில் ஒரே நீளத்தில் இரண்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருந்தாலும் இரண்டும் சமம் அல்ல. சாதாரணப் போர்டுகளில் பிராசஸருக்கு அருகில் உள்ள மேல் ஸ்லாட்டில் 16 தடங்கள் இருக்கும். கீழே உள்ளதில் பெரும்பாலும் நான்குதான். இடவசதிக்காகக் கார்டைக் கீழே போட்டால் வேகம் குறையும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் எத்தனை தடம், எந்தத் தலைமுறை என்று காட்டும். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த 1.1 என்று இறங்கி நிற்பது இயல்பு. கேம் ஓடும்போது காட்டும் எண்ணே உண்மையானது. 2022 ஜனவரியில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு வடிவமைப்பிலேயே நான்கு தடம் கொண்டது. நான்காம் தலைமுறை ஸ்லாட் உள்ள புது மதர்போர்டில் ஒரு மாதிரி ஓடும் அந்தக் கார்டு, மூன்றாம் தலைமுறைப் போர்டில் விடியோ மெமரி நிரம்பியதும் தடுமாறிவிடும். பழைய கம்ப்யூட்டருக்குப் புத்துயிர் தர மலிவான கார்டு தேடுவோர்தான் அதை வாங்கினார்கள். அவர்களுக்குத்தான் அது பொருந்தாமல் போனது. இன்டெலின் ஆர்க் கார்டுகளும் இப்படித்தான். ரீசைசபிள் பார் என்ற வசதியைப் பயாஸில் இயக்கவில்லை என்றால் அவற்றின் வேகம் வெகுவாகச் சரியும். அந்த வசதி இல்லாத பழைய மதர்போர்டுக்கு அந்தக் கார்டை வாங்காமல் இருப்பதே மேல்.

மின்சாரக் குறை பெரும்பாலும் மந்தமாக வெளிப்படுவதில்லை. கேம் உச்சத்தில் இருக்கும்போது திரை கறுத்துப் போவது, கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி தொடங்குவது என்று திடீரென்று வெளிப்படும். ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது 75 வாட். ஆறு முள் கனெக்டர் இன்னொரு 75 வாட், எட்டு முள் கனெக்டர் 150 வாட் தரும். 170 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று ஒட்டியிருக்கும் எண்ணை நம்பிக் கார்டைப் பொருத்துவது ஆபத்து. பழைய ஹார்டு டிஸ்க் வயரை எட்டு முள்ளாக மாற்றும் மலிவு அடாப்டர்கள் சூடாகி உருகக்கூடியவை. அவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

கரன்ட் போய்வரும் ஊர்களில் யுபிஎஸ்ஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட் வரைதான் தாங்கும். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போய், யுபிஎஸ் கீச்சிட்டு உடனே அணைந்தால் குற்றம் கார்டில் இல்லை.

விடியோ மெமரி

கார்டின் மேல் இருக்கும் விடியோ மெமரி சாதாரண ரேமைவிடப் பல மடங்கு வேகமானது. சுவர், மரம், முகம் ஆகியவற்றின் மேற்பரப்புப் படங்கள் எல்லாம் அதில்தான் தங்கும். அது நிரம்பிவிட்டால் மிச்சத்தைச் சாதாரண ரேமில் வைத்துத் தேவைப்படும்போது ஸ்லாட் வழியாக இழுக்க வேண்டும். படம் உறைந்து உறைந்து நகர்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட் மெமரி விளிம்பு வரை நிரம்பி, ஷேர்டு மெமரி ஏறிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம். கேமின் செட்டிங்ஸில் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கினால் போதும். மற்றவற்றை இறக்கத் தேவையில்லை. 4 ஜிபி கார்டில் புதிய பெரிய கேம்களுக்கு இது தவிர்க்க முடியாதது. ஹார்டு டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்த கேமிலும் ஏறக்குறைய இதே மாதிரித் தடுமாற்றம் வரும். அதற்கு எஸ்எஸ்டிக்கு மாற்றுவதே மருந்து.

செட்டிங்ஸில் எல்லாவற்றையும் அல்ட்ராவில் வைப்பது வீண். நிழல், பிரதிபலிப்பு, ரே டிரேசிங் ஆகிய மூன்றும்தான் கார்டை அதிகம் பிழிபவை. நிழலை அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்கு இறக்கினால் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு குறைவு, கிடைக்கும் பிரேம் அதிகம். 4கே மானிட்டரில் 1080ஐப் போல நான்கு மடங்கு புள்ளிகள் என்பதையும் மறக்கக் கூடாது. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பிறகு பெரிதாக்கிக் காட்டும் தொழில்நுட்பங்களும் வந்துவிட்டன. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் அதன் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டுமே ஓடும். 2021 ஜூனில் ஏஎம்டி வெளியிட்ட எஃப்எஸ்ஆர் ஜிடிஎக்ஸ் 10 வரிசை போன்ற போட்டி நிறுவனத்தின் பழைய கார்டுகளிலும் ஓடியது. பழைய கார்டு வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

டிரைவர்

விண்டோஸைப் புதிதாக ஏற்றிய பிறகு டிவைஸ் மேனேஜரில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று காட்டினால் கார்டின் டிரைவர் ஏறவே இல்லை என்று பொருள். டிரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளங்களிலிருந்து நேரடியாக இறக்க வேண்டும். எல்லா டிரைவரையும் தானே புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் புரோகிராம்கள் தேவையற்றவை, பல நேரம் தீங்கானவை. ஏஎம்டி கார்டைக் கழற்றி என்விடியா போட்டாலோ, புது டிரைவருக்குப் பிறகு வேகம் குறைந்தாலோ, டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளை சேஃப் மோடில் ஓட்டிப் பழையதை வேரோடு துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது நல்லது. புது டிரைவர் எப்போதும் மேலானது என்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைக் காரணமின்றி மாற்ற வேண்டியதில்லை.

விண்டோஸ் 11இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி சில கேம்களின் வேகத்தைக் குறைப்பதை மைக்ரோசாஃப்டே 2022இல் ஒப்புக்கொண்டு, ஆடும்போது அணைத்துவிட்டுப் பிறகு இயக்கலாம் என்று சொன்னது. வங்கிக் கணக்கும் குடும்ப ஆவணங்களும் இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரில் சில பிரேம்களுக்காக அதை நிரந்தரமாக அணைத்து வைப்பது தகாது. யாரும் எதுவும் ஆடாத நேரத்திலும் கார்டின் பயன்பாடு உயர்ந்தே நின்றால், கள்ளத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் மால்வேர் புகுந்திருக்கிறதா என்று ஸ்கேன் செய்ய வேண்டும்.

கார்டே போதாதபோது

எல்லாம் சரியாக இருந்தும் வேகம் இல்லை என்றால் கார்டின் தகுதி அவ்வளவுதான். பெயரை மட்டும் பார்த்து அதை அறிய முடியாது. என்விடியாவின் ஜிடி 1030 என்ற பெயரில் இரண்டு கார்டுகள் விற்றன. 2017இல் வந்ததில் ஜிடிடிஆர்5 மெமரி, விநாடிக்கு 48 ஜிபி. மறு ஆண்டு அதே பெயரில் வந்ததில் டிடிஆர்4 மெமரி, 16.8 ஜிபி. அட்டைப்பெட்டியைப் பார்த்து வாங்கியவர்களுக்கு இது அநியாயம். பழைய சிப்பின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டும் போலிக் கார்டுகளும் சந்தையில் உலவின. ஜிபியு-இசட் 2018 முதல் அத்தகைய கார்டுகளின் பெயருக்கு முன்னால் ஃபேக் என்று காட்டிக்கொடுக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் நாணயம் கார்டுகளால் தோண்டும் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக உழைத்த கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே கெட்டவை அல்ல. ஆனால் ஃபேனையும் பேஸ்ட்டையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு விலை பேச வேண்டும். செகண்ட் ஹேண்ட் கார்டை விற்பவர் முன்னிலையில் அரைமணி நேரம் கேம் ஓட்டி, வெப்பநிலையும் கிளாக்கும் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

கார்டின் வயதையும் பார்க்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக அறிவித்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். அந்தக் கார்டுகள் அன்றோடு நின்றுவிடுவதில்லை. பழைய கேம்களும் எடிட்டிங்கும் முன்போலவே ஓடும்.

மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானால், கடைக்குப் போகும் முன் நான்கு விவரங்களைத் தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்: பிராசஸரின் முழுப் பெயர், மதர்போர்டு ஸ்லாட்டின் தலைமுறை, எஸ்எம்பிஎஸ்ஸின் வாட்டும் கனெக்டர்களும், கேபினெட்டுக்குள் கார்டு உட்கார இருக்கும் நீளம் மில்லிமீட்டரில்.